வாஷர் வேண்டாம், நோட்டைக் கொண்டு வா

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ள,

நீ லாரி ஆபீசில் போட்ட பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. ஏதோ பலகாரம் என்று உன் தங்கச்சி ஆசையாகப் பிரித்தாள். உள்ளே கருப்புக் கருப்பாக 200 கைப்பம்பு வாஷர். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் இதை நான் உகாண்டாவுக்குக் கொண்டுபோகப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

ஜூன் இரண்டாவது வாரம் கிளம்புகிறேன். ஆறு வாரம், மசாக்கா பக்கம், கைப்பம்பு மெக்கானிக்குகளுக்குப் பாடம் எடுக்க. கம்பாலாவிலிருந்து அங்கே போகும் வழியில் கயப்வே என்ற ஊரில் பூமத்திய ரேகையைத் தாண்ட வேண்டும். பூமத்திய ரேகை என்றதும் நான் நம்ம ஊர்ச் சித்திரை வெயிலைத்தான் நினைத்துப் பயந்தேன். அந்த நாட்டில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறதாம், ராத்திரியில் குளிருமாம். பெட்டியில் ஸ்வெட்டர் ஏறியிருக்கிறது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. அந்தச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். திரும்பி வரும்போது கையில் இல்லாவிட்டால் நம்ம ஊர் ஏர்போர்ட்டிலேயே பிடித்து ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். சென்னைக்குப் போய் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். 60 தாண்டியவர்களுக்கு முதல் தடவை போடுவதென்றால் டாக்டர் கொஞ்சம் யோசிப்பாராம். பழைய வியாதி, மாத்திரை, முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கையை நீட்டச் சொன்னார்கள். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். இதைத் தெருவில் சொல்லப்போய், எதிர்வீட்டு ஆத்தா எனக்கு மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொண்டு வந்துவிட்டார். குடித்தும் தொலைத்தேன்.

மலேரியாவுக்கு டாக்சிசைக்ளின், தினம் ஒன்று. திரும்பி வந்த பிறகும் நாலு வாரம் விழுங்க வேண்டும். இன்னொரு கூத்து கேள். வெளியே காயப்போட்ட ஈரத்துணியில் ஒரு வகை ஈ முட்டையிடுமாம். அதைப் போட்டுக்கொண்டால் புழு தோலுக்குள் போய்க் கட்டி கட்டியாகக் கிளம்புமாம். அதனால் ஜட்டி பனியன் முதற்கொண்டு சூடாக இஸ்திரி போட்டுத்தான் உடுத்த வேண்டும். 35 வருஷச் சர்வீஸில் சட்டைக்கே இஸ்திரி போடாத மனுசன் பனியனுக்குப் போடப்போகிறார் என்று உன் தங்கச்சி ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

சோறு தண்ணிக்குக் கவலையில்லை. 1972-ல் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து நம்ம நாட்டுக்காரர்களை விரட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் பல பேர் திரும்பிப் போய்க் கடை வைத்துவிட்டார்கள். பருப்பு, அரிசி கிடைக்கும். அங்கத்துச் சாப்பாடே வாழைக்காய்தான், மட்டோக்கே என்கிறார்கள். வாழை இலையில் சுற்றி வேகவைத்து, மசித்து, நிலக்கடலைக் குழம்பு ஊற்றித் தின்பார்களாம். கொள்ளுப்பொடி மட்டும் ஒரு டப்பா எடுத்துக்கொள்கிறேன்.

சரி, வாஷருக்கு வருகிறேன்.

அங்கே யூ-2 என்று ஒரு பம்பு. படத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, மாப்ள. நம்ம இந்தியா மார்க் 2 கைப்பம்புதான் அது! அதே தலை, அதே செயின், அதே கைப்பிடி. யூ-3 என்றால் நம்ம மார்க் 3. நீயும் நானும் ஹெல்பராகச் சேர்ந்த புதிதில், உலக வங்கி ஆட்கள் நம்ம மாவட்டத்திலேயே போர்வெல் போர்வெல்லாகச் சுற்றிச் சோதனை செய்தார்களே, அதிலிருந்து வந்ததுதானே மார்க் 3? பெரிய பைப்பாகப் போட்டு, பைப்பைக் கழற்றாமல் ராடை மட்டும் உருவி வாஷர் மாற்றலாம் என்றதும், பத்துப் பைப்பைத் தோளில் தூக்கித் தூக்கி நொந்துபோயிருந்த நாம் டீக்கடையில் பார்ட்டி வைத்தோமே! லெதர் வாஷர் போய் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்ததும் அந்தச் சோதனையில்தான்.

அப்படியிருக்க ஏன் வாஷர் வேண்டாம் என்கிறேன்? அன்னூர் பக்கம் அந்த வெளிநாட்டுப் பம்பை நினைத்துப் பார். யாரோ புண்ணியவான்கள் இலவசமாக நட்டுவிட்டுப் போனார்கள். கூடவே ஒரு பெட்டி ஸ்பேர். பெட்டி தீர்கிற வரைக்கும் தண்ணி வந்தது. அப்புறம் அந்த அளவு வாஷர் எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் கைப்பிடியில் ஆட்டைக் கட்டினார்கள்.

யூ-2 அப்படியில்லை. நாடு முழுக்க ஒரே மாதிரிப் பம்பு என்று முடிவு செய்துவிட்டதால் ஸ்பேர் அங்கேயே விற்கிறார்கள். ஊருக்கு ஊர் தண்ணீர்க் கமிட்டி காசு வசூலிக்க வேண்டும், மெக்கானிக் கூலி வாங்கிக்கொண்டு சரி செய்ய வேண்டும், கடைக்காரர் சரக்கு வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் பம்பு நின்றுவிடும். நான் 200 வாஷரை ஓசியில் அள்ளிவிட்டால் முதலில் அறுபடுவது கடைக்காரர். அடுத்த வருஷம் வாஷர் தேய்கிறபோது நான் இங்கே வடவள்ளியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

உண்மையைச் சொன்னால், பெட்டியைத் திறந்து வாஷரை மாட்டி, தண்ணி கொட்டுவதைப் பார்த்து ஊரே கைதட்டுகிற ஆசை எனக்கும் இருக்கிறது. அதனால்தான் பெட்டியே கையில் இருக்கக் கூடாது என்று பார்க்கிறேன். அங்கத்து மெக்கானிக்குகளுக்குப் பாடம் எடுப்பதுதான் என் வேலை. அதிலும் ஒரு சிக்கல். சில இடங்களில் தண்ணீர் புளிப்புத் தன்மையாம். ஜி.ஐ. பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பை, அரித்து, செந்தண்ணியாக வந்து, சோறே நிறம் மாறுமாம். நமக்கு உப்புத் தண்ணி தெரியும், இது தெரியாது. அதை அவர்களிடம்தான் நான் படிக்க வேண்டும்.

லுகாண்டா பாஷையில் இதுவரை மூன்று வார்த்தை தேறியிருக்கிறது. அமஸ்ஸி என்றால் தண்ணீர், வெபாலே என்றால் நன்றி, ஸெபோ என்றால் ஐயா. மணி சொல்வதில்தான் உதைக்கிறது. நம்ம பெரியவர்கள் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்களே, அதே மாதிரி காலை 7 மணியை அவர்கள் ‘ஒரு மணி’ என்கிறார்கள். இரண்டு மணிக்கு வா என்று சொல்லி நான் மத்தியானம் போய் நின்றால் நன்றாகத்தான் இருக்கும்.

வருகிற ஞாயிறு வந்து உன் பெட்டியை எடுத்துக்கொண்டு போ. வரும்போது உன் பழைய நோட்டைக் கொண்டு வா. எந்தச் சத்தம் கேட்டால் எது தேய்ந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதிப் படம் போட்டு வைத்திருந்தாயே, அதுதான். எடை கால் கிலோகூட வராது. வாஷர் மாட்டுகிற பிளஞ்சரை ஒரு பக்கத்தில் தலைகீழாக வரைந்திருப்பாய், அதைத் திருத்திவிட்டுக் கொண்டு வா.

அன்புடன்,
உன் மாப்ள