தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூமிக்கடியில் உள்ள சூட்டைக் கொண்டு எடுக்கும் புவிவெப்ப மின்சாரம் பற்றி நம் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாட்டில் 381 வெந்நீர் ஊற்றுகள் கணக்கெடுக்கப்பட்டிருப்பது, 10,000 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்க வாய்ப்பிருப்பது, 2025இல் ஒன்றிய அரசு இதற்கென்று தேசியக் கொள்கை வெளியிட்டது எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரே ஒரு பத்திதான் உறுத்தியது. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் ஆய்வை 28 நாளில் முடித்துவிடுகிறார்கள், நாம் மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கிறோம் என்று கட்டுரையாளர் அலுத்துக்கொண்டிருந்தார்.

நான் திருச்செங்கோட்டுக்காரன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் ஊர் அது. நிலநீர் ஆய்வுதான் என் தொழில். சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கரும்பாறையில் போர் போடப் பாயின்ட் பார்த்தே பணிக்காலம் முழுவதும் ஓடிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு வருடத்தில் பாதி நாள் சாக்ரமெண்டோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். கட்டுரையாளர் மெச்சிய அந்த நாட்டில், அதுவும் இதே கலிபோர்னியாவில், பொதுக் காட்டு நிலத்தில் புவிவெப்ப மின்நிலையம் கட்டப் போய் என்ன நடந்தது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அந்த 28 நாள் கதை. 2025 ஏப்ரலில் அமெரிக்க உள்துறை (அங்கே பொது நிலங்களைக் கவனிக்கும் துறை அது), எரிசக்தி அவசரநிலை என்ற பெயரில் கொண்டுவந்த புது நடைமுறை அது. சிறிய மதிப்பீட்டுக்கு 14 நாள், முழு அறிக்கைக்கு ஏறத்தாழ 28 நாள். புவிவெப்பமும் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்கு முன் பல ஆண்டுகள் பிடித்தது உண்மைதான். ஆனால் தாமதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா?

சாக்ரமெண்டோவிலிருந்து வடக்கே ரெட்டிங் தாண்டி, மெக்ளவுட் வழியாகக் காட்டுப் பாதையில் ஏறினால் மெடிசின் லேக் என்ற ஏரி வரும். கிட்டத்தட்ட 6,700 அடி உயரம். ஜூன் வரைகூடப் பனி வழியை அடைத்துக்கொண்டிருக்கும். ஏரி இருப்பதே ஓர் எரிமலையின் வாய்க்குள். சாஸ்தா மலையைப் போல நிமிர்ந்து நிற்காமல் அகலமாகப் படுத்துக்கிடப்பதால், எரிமலை மேல் நிற்கிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கன அளவில் காஸ்கேட் எரிமலைத் தொடரிலேயே பெரியது இதுதான். கடைசியாகப் பொங்கியது ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன், நம் ஊரில் கங்கைகொண்ட சோழபுரம் தலையெடுத்த நூற்றாண்டில். அப்போது வழிந்து உறைந்த கறுப்புக் கண்ணாடிப் பாறை இன்னும் புதுசாகப் பளபளக்கிறது. பேரன் கையை வெட்டிக்கொள்வானோ என்று எனக்கு அங்கே இருந்த நேரமெல்லாம் பதற்றம்தான்.

ஏரிக்குள் வந்து சேரும் ஆறு கிடையாது, வெளியேறும் ஆறும் கிடையாது. உருகும் பனி முழுவதும் எரிமலைப் பாறையின் வெடிப்புகளில் இறங்கிவிடுகிறது. எங்கள் கரும்பாறையில் இருபது சென்ட் நிலத்துக்குள் நான்கு போர் போட்டும் புழுதி பறந்ததைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த மண்ணைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. இறங்கிய தண்ணீர் தெற்கே சுமார் 50 கி.மீ. தள்ளி ஃபால் ரிவர் ஊற்றுகளாக வெளியே வருகிறது. அளவு விநாடிக்கு 1,000 கன அடிக்கு மேல். மேட்டூர்த் திறப்பைக் கன அடியில் படித்துப் பழகிய நம் வாசகர்களுக்கு அதன் பொருள் புரியும். மழைக்காலம், வெயில்காலம் என்று பார்க்காமல் ஓடும் தண்ணீர் அது. பிட் ஆற்றில் சேர்ந்து, சாஸ்தா அணைக்குப் போய், சாக்ரமெண்டோ ஆறாக என் மகன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது.

பிட் ரிவர் பழங்குடியினருக்கு இந்த ஏரி புனிதமானது. உலகைப் படைத்தவரும் அவர் மகனும் வேலை முடிந்து குளித்த இடம் இது என்பது அவர்கள் நம்பிக்கை. நோய் தீரவும் நோன்பு இருக்கவும் தலைமுறை தலைமுறையாக இங்கே வந்திருக்கிறார்கள். இதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. 1999இல் எரிமலை வாய்ப்பகுதி, மரபுவழிப் பண்பாட்டு இடமாக, வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேரத் தகுதியுள்ளது என்று முடிவானது.

1988இல் இந்தக் காட்டு நிலத்தின் அடிச்சூட்டை எடுக்கப் பத்தாண்டு குத்தகைகள் தரப்பட்டன. அந்த இடத்துக்கென்று முழு ஆய்வு எதுவும் அப்போது நடக்கவில்லை. பத்தாண்டில் ஒரு யூனிட் மின்சாரமும் வரவில்லை. 1998 மே மாதம், குத்தகை முடியப்போகும் நேரத்தில், மேலும் ஐந்தாண்டு நீட்டித்துக் கொடுத்தார்கள். அதற்கும் ஆய்வு இல்லை, பழங்குடியினரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஃபோர்மைல் ஹில் என்ற 49.9 மெகாவாட் மின்நிலையத்துக்கான இறுதிச் சுற்றுச்சூழல் அறிக்கை அதே ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது. தாலியை மே மாதம் கட்டிவிட்டு ஜாதகத்தைச் செப்டம்பரில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பொருந்தாவிட்டால் மட்டும் என்ன செய்துவிட முடியும்?

2000இல் அந்தத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. ஏரிக்கு இன்னும் அருகில் போடவிருந்த டெலிபோன் பிளாட் திட்டத்தை மறுத்துவிட்டார்கள். சரி, அரசுக்கு மறுக்கத் தெரிகிறதே என்று ஆறுதல்படலாம். ஆனால் கையில் குத்தகை வைத்திருக்கும் நிறுவனம் சும்மா இருக்குமா? இழப்பீடு கேட்டு வழக்கு வந்தது. 2002இல் மறுப்பைத் திரும்பப் பெற்று அதற்கும் அனுமதி கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் மலையும் மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு அரசு தர வேண்டிய விலைதான் தெரிந்துபோனது.

பழங்குடியினர் நீதிமன்றம் போனார்கள். 2006 நவம்பரில் ஒன்பதாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம், 1998இன் குத்தகை நீட்டிப்பே சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. நிலத்தில் கட்டுவதற்கு உரிமையைக் கொடுத்த பிறகு நடக்கும் ஆய்வில், கட்டவே வேண்டாம் என்ற வழி உண்மையில் திறந்திருக்காது என்பதுதான் அதன் சாரம். இன்னொரு வழக்கும் நடந்தது. ஒரே ஒரு துளையில் பலன் தெரிந்ததைக் காட்டி, எதுவும் நிரூபிக்கப்படாத வேறு 26 குத்தகைகளையும் 40 ஆண்டுக்கு நீட்டித்திருந்தார்கள். ஒவ்வொரு குத்தகைக்கும் தனித்தனியாகப் பலன் காட்டியிருக்க வேண்டும் என்று 2019இல் அதே நீதிமன்றம் சொன்னது. எங்கள் ஊரில் ஒரு தோட்டத்துப் போரில் தண்ணீர் வந்ததைக் காட்டி அடுத்த 26 தோட்டத்துக்கும் யாராவது கடன் கேட்டால் வங்கி மேலாளர் சிரித்துவிடுவார். 2025 ஜனவரியில், பதவி முடியும் தறுவாயில், அதிபர் பைடன் இந்த மேட்டு நிலத்தில் 2,24,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பைச் சாட்டிட்லா என்ற பழங்குடியினரின் பெயரிலேயே தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவித்தார். முதல் குத்தகைகள் போட்டு முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அங்கே ஒரு மின்நிலையமும் எழும்பவில்லை.

இழுத்தடிப்பு என்று கட்டுரையாளர் சொல்வது இதைத்தான் என்றால், அந்த ஆண்டுகளைத் தின்றது ஆய்வு அல்ல. ஆரம்பத்தில் செய்யாமல் விட்ட ஆய்வுதான் தின்றது. 1988க்கு முன்பே ஓரிரண்டு ஆண்டு செலவழித்து இந்த இடம் சரிப்படாது என்று முடிவெடுத்திருந்தால், அந்த நிறுவனங்களே வேறு இடம் பார்த்துப் போயிருக்கும்.

என்னைப் புவிவெப்பத்தின் எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். சூரியன் மறைந்த பிறகும் காற்று நின்ற பிறகும் ஓடும் மின்சாரம் அது, நிலக்கரிப் புகை இல்லை. எனக்குப் பிடித்த தொழில்நுட்பம். அதிலும் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு தண்ணீரைத் திரும்பக் கீழேயே செலுத்தும் முறை அருமையானது. ஆனால் கீழே இருப்பதைப் பற்றி உறுதியாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கெய்சர்ஸ் என்ற இடத்தில் உலகின் மிகப் பெரிய புவிவெப்ப வளாகம் 1960 முதல் ஓடுகிறது. 1980களின் இறுதியில் அங்கே நீராவியின் அழுத்தம் சரசரவென்று இறங்கியது. எடுத்த வேகத்துக்குத் தண்ணீர் திரும்பப் போகவில்லை. கடைசியில் சான்டா ரோசா நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்து 2003 முதல் பூமிக்குள் விடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் தொடங்கியபோது யாரும் போட்ட கணக்கு அல்ல அது.

மெடிசின் லேக்கிலும் ஆழத்துச் சூடான நீருக்கும் மேலே உள்ள குளிர்ந்த நீருக்கும் நடுவில் களிமண்ணாக மாறிய பாறை மூடிபோல் இருக்கிறது, இரண்டும் கலக்காது என்று வாதிட்டார்கள். இருக்கலாம். அந்த மூடியைத் துளைத்துக்கொண்டுதானே துளையின் சுவரைத் தாங்கும் கேசிங் பைப் இறங்கப்போகிறது? சிமென்ட் சரியாகப் பிடிக்காத கேசிங் என்ன செய்யும் என்று திருச்செங்கோட்டில் எந்த ரிக் டிரில்லரைக் கேட்டாலும் சொல்வார். ஆழத்து நீரில் ஆர்சனிக் போன்றவையும் கரைந்திருக்கும். சாக்ரமெண்டோ ஆற்றின் தலையில் அந்தப் பரிசோதனையைச் செய்துபார்க்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

என் தொழிலில் அடிக்கடி பார்த்த ஒரு வழக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஆழமாகப் போர் போடுவார். கொஞ்ச நாளில் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றும். கிணற்றுக்காரர் என்னிடம் வந்து நியாயம் கேட்பார். போர் போடுவதற்கு முன் உங்கள் கிணற்றில் எந்த மாதம் எத்தனை அடியில் தண்ணீர் நின்றது என்று கேட்பேன். தெரியாது. யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மழை இல்லை, அதனால் வற்றியது என்று எதிராளி சொல்லிவிட்டுப் போய்விடுவார். எனக்கும் மறுத்துப் பேச ஆதாரம் இருக்காது. குறைந்தது மூன்று நான்கு கோடையின் அளவாவது கையில் இல்லாமல் ஊற்று, கிணறு எதைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது. 28 நாளில் ஒரு கோடையைக்கூடப் பார்க்க முடியாதே.

இப்போது நம் நாட்டில் புவிவெப்பத்துக்குத் துளை போடும் லடாக்கின் பூகாவுக்கு வருகிறேன். 14,000 அடிக்கு மேல் உள்ள பள்ளத்தாக்கு. ஆடு மேய்க்கும் சாங்பா மக்களின் நிலம். கருங்கழுத்துக் கொக்குகள் குஞ்சு பொரிக்கும் சாங்தாங் வட்டாரம். 2021 பிப்ரவரியில் ஓஎன்ஜிசி அங்கே ஒப்பந்தம் போட்டது, முதலில் 1 மெகாவாட் அளவில் சோதனை என்ற திட்டத்தோடு. சிறிதாகத் தொடங்கிப் பார்ப்பது நல்ல முறைதான், அதை நான் குறை சொல்லவில்லை. சோதனை முடிந்து பெரிய குத்தகைகள் போடும் நாள் வருமே, அதற்கு முன் நடக்க வேண்டியவை பற்றித்தான் என் கவலை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய நம் 2006 அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் சுருக்கம் எல்லாம் உண்டு. கல்யாண மண்டபத்தில் போலீஸ் பாதுகாப்போடு நடக்கும் அந்தக் கூட்டங்களை நம் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அப்போதைக்கு நிலம் கைமாறி, வேலியும் போட்டிருக்கும்.

நம் செய்தியாளர் யாராவது லடாக் பக்கம் போனால் மூன்று விஷயம் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். துளை போடுவதற்கு முன் பூகா ஊற்றுகளின் ஓட்டத்தையும் சூட்டையும் மாதவாரியாக அளந்தார்களா, அந்த அளவுகளைச் சாங்பா மக்கள் கேட்டால் கொடுப்பார்களா, முழு ஆய்வுக்கு முன்பே நீண்டகால உரிமை எதற்காவது கையெழுத்தாகியிருக்கிறதா. கட்டுரையாளருக்கும் இந்தக் கடிதத்தை அனுப்பிவைத்தால் மகிழ்வேன். அவர் பதில் எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நிலநீர் ஆய்வாளர்,
திருச்செங்கோடு (தற்போது சாக்ரமெண்டோ)