ரோடு பைக்குக்கு எந்த டியூப் உழைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே பெல்லாரி சாலையில் நந்தி மலையை நோக்கி ரோடு பைக்கில், அதாவது மெல்லிய டயர் கொண்ட வேக சைக்கிளில், செல்வோரில் அல்சூர், ஸ்ரீராம்புரம் பகுதிகளைச் சேர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சைக்கிளையும் ஹெல்மெட்டையும் நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்குகிறவர்கள், டியூப் என்று வரும்போது கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். எடை குறைந்த, விலை கூடிய டியூப்களே இப்போது முதலில் காட்டப்படுவதால், அதுபற்றிச் சில விவரங்களை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ரோடு பைக் டியூப்கள் இன்று மூன்று வகைப் பொருள்களில் கிடைக்கின்றன. கறுப்பாக இருக்கும் சாதாரண டியூப், 1937-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. காற்றைத் தக்கவைப்பதில் இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு மேலானது. மரத்துப் பாலிலிருந்து செய்யப்படும் லேடெக்ஸ் டியூப் மென்மையாக ஓடும் என்பது உண்மைதான், ஆனால் இரவில் அடித்த காற்று காலையில் குறைந்துவிடும். மூன்றாவது, டிபியு எனப்படும் பிளாஸ்டிக் வகை. சாதாரண பியூட்டைல் டியூப் நூறு கிராமுக்கு மேல் இருக்க, இது முப்பது நாற்பது கிராம்தான் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சுருளைப் பார்த்ததும் மனம் மயங்குவது இயல்பே.

எனினும் உழைப்பு என்று பார்த்தால், எடை குறைக்கப்படாத சாதாரண பியூட்டைல் டியூப்பையே நான் பரிந்துரைப்பேன். ஓட்டை விழாத டியூப் என்று ஒன்று கிடையாது; விழுந்தபின் ஒட்டிப் போட முடிகிறதா என்பதே கேள்வி. பியூட்டைல் டியூப்பை எந்தத் தெருமுனைப் பஞ்சர் கடையிலும் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்டிவிடலாம். ஒழுங்காக ஒட்டிய ஒட்டு டியூப்பின் ஆயுள் வரைக்கும் நிற்கும். டிபியு டியூப்பில் அந்தச் சொல்யூஷன் பிடிக்காது. அதற்கென்றே தனி ஒட்டு வேண்டும், அது நம் பஞ்சர் கடைகளில் கிடைப்பதில்லை. மேலும், நந்தி மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரவேண்டியிருப்பதால், ரிம்மைக் கவ்வும் பிரேக் உள்ள சைக்கிள்களில் ரிம் நன்றாகச் சூடேறும். எடை குறைந்த டியூப்கள் சிலவற்றை டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிப்பதற்கு இந்தச் சூடுதான் காரணம். சீட்டுக்கடியில் அவசரத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ள டிபியு டியூப் ஏற்றதே; அதற்கு மேல் அதற்காகச் செலவழிக்க வேண்டியதில்லை.

பொருளைவிட அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் 700x28 என்று இருந்தால், 28 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம்; டியூப்பின் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு வரம்புக்குள் 28 அடங்கியிருக்க வேண்டும். 18 முதல் 25 வரைக்கான டியூப்பை அதில் போட்டாலும் ஓடத்தான் செய்யும். ஆனால் விரிந்து மெலிந்துபோன ரப்பர் சிறு முள்ளுக்கும் தாங்காது. பெரிய டியூப்பைச் சிறிய டயருக்குள் திணித்தாலோ மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே அறுந்துவிடும். வால்வின் நீளமும் ரிம்மின் ஆழத்துக்குப் பொருந்த வேண்டும். வால்வின் மேலிருக்கும் வளைய நட்டைக் குறடால் முறுக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வால்வின் அடிப்பகுதி கிழிவதற்கு அதைவிடச் சுருக்கு வழி வேறில்லை. கிழிந்த அந்த இடத்தில் ஒட்டுப் போடவும் முடியாது.

பஞ்சரானால் ஓட்டை எங்கே, எப்படி என்று பார்ப்பது அவசியம். பாம்புக் கடிபோல அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறக்கியதன் விளைவு. ரிம்மைத் தொடும் பக்கத்தில் ஓட்டை இருந்தால், ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்திருக்கும். எத்தனை விலையுயர்ந்த டியூப் போட்டாலும் அதே இடத்தில் மறுபடி போகும். வெளிப்பக்கத்தில் ஓட்டை இருந்தால், நெடுஞ்சாலை ஓரத்தில் சிதறிக் கிடக்கும் லாரி டயரின் எஃகு இழையாகப் பெரும்பாலும் இருக்கும். மயிரிழை அளவே இருப்பதால் அது கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் பிடிபடாது. டயரின் உட்புறத்தில் பஞ்சை மெதுவாக ஓட்டினால், இழை குத்தி நிற்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். இடுக்கியால் அதைப் பிடுங்காமல் புது டியூப் மாட்டுவது வீண்.

ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பெட்ரோல் பங்க்கின் காற்றுக் குழாய் பொருந்தாது என்பதையும், நுனியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும் என்பதையும் புதிதாக ஓட்டத் தொடங்குவோர் அறிந்திருக்க வேண்டும். மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பித்தளை அடாப்டரை வால்வில் திருகினால் போதும், எந்தக் கம்ப்ரஸரிலும் காற்று அடிக்கலாம். பெல்லாரி சாலையிலும் அல்சூர், சிவாஜிநகர் பகுதிகளிலும் பஞ்சர் கடை நடத்தும் அன்பர்கள் இந்த அடாப்டர் ஒன்றைக் கடையில் வாங்கி வைத்திருக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.