இல்லாத சுவரையும் அளந்து எழுதுங்கள்

கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அடுத்த பருவ அகழாய்வுக்குக் குழி குறிக்கப்போகும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1980இல் தொடங்கிய தேடல் இது. ராஜேந்திர சோழனின் மாளிகை, அங்குள்ள சிவன் கோயிலுக்குத் தென்மேற்கே 2 கி.மீ. தள்ளி நின்றது என்பதற்குச் செங்கல் சுவரும் கூரை ஓடும் இரும்பாணியும் சீனப் பீங்கான் துண்டும் சாட்சி. உங்களுக்குத் தெரியாததல்ல. கேட்பது ஒன்றுதான்: செங்கல் கிடைக்காத குழியை ‘வெறுங்குழி’ என்று மூடிவிடாதீர்கள்.

அந்த மேட்டில் பிற்காலத்தில் செங்கல்லைப் பெயர்த்து எடுத்துப்போனவர்கள் சுவரின் போக்கிலேயேதான் தோண்டினார்கள்; விலகித் தோண்டினால் வீண் உழைப்பு. ஆகவே அவர்கள் விட்டுப்போன பள்ளமே சுவரின் தடம். அதை நிரப்பிய மண் பொலபொலவென்று கறுத்து, செங்கல் தூளும் சுண்ணாம்புக் கட்டியுமாகக் கிடக்கும். இருபுறமும் பழைய தரை இறுகியிருக்கும். கொத்துக்கரண்டியால் தட்டினால் ஓசையே வேறு. மண்வெட்டிக்கு இது பிடிபடாது. மேல்மண்ணை மெல்லிய படலமாகச் சீவி, கரண்டியால் வழித்து, தெளிப்பானால் லேசாக நனைத்து, வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டும். காய்ந்துவிட்டால் எல்லாம் ஒரே நிறம். குழிகளுக்கு நடுவே விடும் மண்தடுப்பு அந்தத் தடத்தின் மேலேயே விழுந்துவிட்டால், தடுப்பையும் எடுத்தால்தான் கோடு தெரியும். பொக்லைன் இறங்கினாலோ, ஒரே வாரலில் தரையும் பள்ளமும் கலந்து போகும். பிறகு யார் வந்தும் பிரிக்க முடியாது.

எடுத்துப்போவது அங்கே புதிதல்ல. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணைக்காகக் கோயிலின் கல்மதிலைப் பெயர்த்தபோது, பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அன்றைய அரசு வாக்களித்தது. கட்டவில்லை. அந்தப் பாக்கியை உங்களிடம் வசூலிக்க வரவில்லை, பயப்பட வேண்டாம். உட்கோட்டை, ஆயுதக்களம் என்று சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களாவது மிஞ்சின. அவற்றை யாராலும் பெயர்த்தெடுக்க முடியவில்லை.

கோட்டை மதிலையும் இதே முறையில்தான் பிடிக்க வேண்டும். மதில் திரும்பும் ஒரு மூலை சிக்கினால் போதும், அடுத்த குழியை எங்கே போடுவது என்று அதுவே சொல்லும்.

செங்கல் இல்லாத குழிக்கும் மட்டம், மண்ணின் நிறம், பள்ளத்தின் அகலம், குழிச்சுவரில் தெரியும் மண்ணடுக்குகளின் வெட்டுமுகப் படம் ஆகியவற்றைப் பதிந்து, அதன் பிறகே மூடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அறிக்கையில் செங்கல் கிடைத்த குழிக்கு எத்தனை பக்கமோ, கிடைக்காத குழிக்கும் அத்தனை பக்கம் ஒதுக்குங்கள்.