உள்கூரைத் துணியை ஒட்டாதீர்கள், கம்பியில் தொங்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டு, டாப் லைனிங்கை, அதாவது கூரையின் உட்புறத் துணியை, ஒரே வரியில் முடித்துவிட்டது. கிழிந்திருந்தால் புதுத் துணியைக் கூரையில் ஒட்டிவிடலாம் என்கிறது அந்த வரி. சீட்டும் டாப்பும் தைப்பதே தொழிலாக உள்ள எங்களுக்கு அதைப் படித்ததும் திக்கென்றது. அம்பாசடரிலோ பிரீமியர் பத்மினியிலோ அப்படிச் செய்தால் இரண்டு கோடைக்குள் துணி ஓட்டுநர் தலையில் விழும். அதைவிட மோசம், திரும்பக் கிடைக்காத கம்பிகள் அதற்குள் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

அம்பாசடர், பத்மினி, மோரிஸ் மைனர், ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஆகியவற்றின் பழைய வண்டிகளில் கூரைத் துணி தகட்டில் ஒட்டியிருப்பதில்லை, தொங்குகிறது. கூரையின் குறுக்கே வில்லாக வளைந்த எஃகுக் கம்பிகள் வரிசையாக நிற்கும். துணியின் மேற்புறத்தில் தைத்த நாடாக் குழாய்களுக்குள் அவை நுழைந்திருக்கும். கம்பியின் இரு முனைகளும் கதவுக்கு மேலுள்ள சட்டத்தின் துளைகளில் உட்காரும். பசை ஓரங்களில் மட்டும்தான். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியவில்லையா? உள்ளங்கையால் கூரையை முன்னும் பின்னும் தடவுங்கள். குறுக்கே கம்பி தட்டுப்பட்டால் இந்தக் கடிதம் உங்களுக்குத்தான்.

நேராகத் தகட்டில் ஒட்டினால் ஏன் நிற்காது? கூரைத் தகடு முன்பின்னாகவும் வளைகிறது, பக்கவாட்டிலும் வளைகிறது. அதன் மேல் இழுத்து ஒட்டிய துணி எப்போதும் தகட்டை விட்டு விலகவே பார்க்கும். வெயிலில் நிற்கும் அடர்நிற வண்டியின் கூரை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். அந்தச் சூட்டில் சாதாரணப் பசை இளகுகிறது, துணி வயிறு தள்ளுகிறது. துணிக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த காற்று இடைவெளியும் போய்விடுவதால் உள்ளே வெக்கையும் கூடும். சில கடைகளில் ஹார்ட்போர்டை வளைத்து ஸ்குரூ அடித்து அதன் மேல் துணி ஒட்டித் தருகிறார்கள். மழைக் கசிவை அந்த அட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கூரை உள்ளிருந்து துருப்பிடிப்பது பெயின்ட் கொப்பளித்த பிறகுதான் வெளியே தெரியும்.

துணி வாங்கும்போது சீட்டுக்குப் போடும் ரெக்சினைக் கையில் எடுக்கவே வேண்டாம். அது தடிமன், கனம். தொங்கும் இடத்தில் இறங்கிவிடும், மூலைகளில் மடியாது. டாப்புக்கென்று மெல்லிய ரெக்சின் தனியாக வருகிறது, பொடித் துளை போட்டதும் உண்டு, வெற்றாக வருவதும் உண்டு. முதுகில் ஃபோம் ஒட்டிய துணியும் இந்த வேலைக்கு ஆகாது. தையல் மடிப்பு தடித்துப் போகும், சில ஆண்டுகளில் ஃபோம் பொடிந்து கொட்டும். 54 அங்குல அகல ரெக்சினில் மூன்றரை மீட்டர் வாங்கினால் சாதாரணமாகக் கூரைக்கும் அதைத் தாங்கும் பின் தூண்களுக்கும் போதும். சன் வைசருக்கும் (முன்கண்ணாடிக்கு மேலுள்ள வெயில் மறைப்புத் தட்டுக்கும்) அதே துணி வேண்டுமென்றால் நான்கு மீட்டர். எதற்கும் பழைய துணியை அளந்த பிறகே கடைக்குப் போங்கள். எல்லாத் துணியையும் ஒரே சுருளிலிருந்து ஒரே நாளில் வெட்டி வாங்குங்கள். வெள்ளை, கிரீம் நிறங்கள் லாட்டுக்கு லாட் மாறும், கடை விளக்கில் அது கண்ணில் படாது.

பீட்டிலுக்கும் மோரிஸ் மைனருக்கும் தைத்து முடித்த செட் வெளிநாட்டிலிருந்து தருவிக்க முடியும். அதில் மாட்டிக்கொள்ளும் இடம் வண்டியின் ஆண்டு. 1965 மாடலில் பீட்டிலின் கண்ணாடிகள் பெரிதாக்கப்பட்டன, ஆகவே 1964 வண்டியின் செட் அதற்குப் பொருந்தாது. மைனரில் 1956-இல் வந்த 1000 மாடலோடு நடுவில் பிரிந்த முன்கண்ணாடி போய் ஒற்றைக் கண்ணாடி வந்தது, பின்கண்ணாடியும் பெரிதானது. இரண்டு கதவா, நான்கு கதவா, பின்புறம் மரச்சட்டம் வைத்த டிராவலரா என்பதையும் எழுதிக் கேளுங்கள். தூண்களுக்கான துண்டுகள் செட்டில் சேர்ந்திருக்கின்றனவா என்றும் முன்பே கேட்டுவிட வேண்டும். பணம் கட்டிய பிறகு கேட்டு என்ன பயன்? அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பழைய துணியை மாதிரியாக வைத்து இங்கேயே தைப்பதுதான் நம்பகமான வழி.

அதனால்தான் பழைய துணியைக் கிழித்து இழுக்கக் கூடாது என்கிறோம். அதுதான் உங்கள் அளவுப் படம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு சன் வைசர், உள் கண்ணாடி, கூரை விளக்கு, கைப்பிடிகள், கதவு பீடிங் (கதவோர ரப்பர் பட்டை) ஆகியவற்றையும், முன், பின் கண்ணாடிகளை ரப்பரோடும் எடுங்கள். துணியின் ஓரம் அந்த ரப்பருக்கு அடியில்தான் மடிந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றாமலே டாப் போட்டுத் தருகிறேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னால், ரப்பர் உதட்டுக்குள் துணியைக் கரண்டியால் திணிக்கப் போகிறார் என்று அர்த்தம். ஆறு மாதத்தில் அது வெளியே வந்துவிடும்.

கம்பிகளைக் கழற்றுமுன் முன்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டி எண் போடுங்கள், இடது வலதும் குறியுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொரு கம்பியின் வளைவும் நீளமும் வேறு. பல வண்டிகளில் ஒரு முனைக்கு அருகருகே இரண்டு மூன்று துளைகள் இருக்கும். கம்பி எந்தத் துளையில் நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். துளை மாறினால் கம்பியின் உயரம் மாறும், துணியின் இழுவையும் மாறும். கடைசிக் கம்பியைப் பின்னோக்கிப் பிடித்து நிறுத்தச் சிறு கொக்கிகள் இருந்தால் அவற்றைத் தனி உறையில் போட்டு வையுங்கள். அவை தொலைந்தால் துணி முழுவதும் முன்னோக்கி நகர்ந்து பின்பக்கம் தளரும்.

துருப்பிடித்த கம்பியை உப்புத்தாளால் தேய்த்து பிரைமர், எனாமல் அடித்து முழுதாகக் காயவிடுங்கள். இல்லையென்றால் துரு நாடாவில் ஊறி, வெள்ளைத் துணியில் பழுப்புக் கோடாக இறங்கும். ஒரு கம்பி காணாமல் போயிருந்தால் அதே தடிமனில் விறைப்பான எஃகுக் கம்பி வாங்கி, பக்கத்துக் கம்பிகளின் வளைவைப் பார்த்து வளைக்கலாம். கட்டடத்துக்குக் கட்டும் மென்கம்பி உதவாது. துணியின் இழுப்பில் அதன் வில் படுத்துவிடும்.

துணி இறங்கிய இந்த நேரத்தில்தான் கூரையின் உண்மை நிலை தெரியும். கண்ணாடிச் சட்டத்தின் கீழ்மூலைகளையும், மழைநீர் வடியும் கூரையோரக் கால்வாயின் இணைப்பையும் பாருங்கள். டிங்கரிங், வெல்டிங், பட்டி, பெயின்ட் என எல்லாம் முடிந்த பிறகே டாப் போட வேண்டும். வெல்டிங் பொறி ஒன்று போதும், புதுத் துணியில் ஓட்டை விழ. காய்ந்து மக்கிய சணல், ஃபெல்ட்டைச் சுரண்டி எடுத்து, துருத் தடுப்பு பிரைமர் அடியுங்கள். வெப்பத் தடுப்புக்கு, நீர் உறிஞ்சாத, மூடிய கண் கொண்ட ஃபோம் ஷீட் 3 முதல் 5 மி.மீ. தடிமனில் போதும். தடிமனாகப் போட்டால் கம்பிகளுக்கு நடுவே துணியைத் தட்டி மேடாகத் தெரியும். கூரை விளக்கின் வயர் பழசாக வெடித்திருந்தால் இப்போதே மாற்றி, ஒரு சாண் கூடுதலாகவே விட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி தையல். பழைய துணியின் தையலைப் பிளேடால் பிரித்து, துண்டுகளைச் சமதரையில் பரப்பி, ஒவ்வொன்றின் நடுவிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். புதுத் துண்டை வெட்டும்போது தையல் விளிம்பில் பழைய அளவையே வைத்துக்கொள்ளுங்கள். வெளி ஓரங்களில் மட்டும் இரண்டு அங்குலம் கூட விடுங்கள். பாதுகாப்புக்கு என்று தையல் விளிம்பிலும் அரை அங்குலம் விடுபவர்கள் உண்டு. நான்கைந்து தையலில் அது சேர்ந்து இரண்டு அங்குலத் தொய்வாகிவிடும். ரெக்சின் ஒரு திசையில் அதிகம் இழுபடும், ஆகவே எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டுங்கள். கம்பிக் குழாய்க்கு இழுபடாத காடாத் துணி நல்லது. நூல் பாலியெஸ்டர் அல்லது நைலானாக இருக்கட்டும், பருத்தி நூல் மக்கும். தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ. நெருக்கித் தைத்தால் ரெக்சின் தபால்தலை ஓரம்போலக் கோடாகக் கிழியும்.

பொருத்தும் நாளைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கண்ணாடி இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். ஈரக்காற்றில் பசையும் சரியாகப் பிடிக்காது. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் தோதானவை. இரண்டு பேர் வேண்டும், அவசரப்படாமல் செய்தால் இரண்டு நாள் ஆகும். தைத்த துணியை அரை மணி நேரம் வெயிலில் விரித்து இளக விட்டு, கம்பிகளை எண் வரிசைப்படி நுழைத்துவிடுங்கள். பின் கம்பியிலிருந்து தொடங்கி முன்னோக்கி ஒவ்வொன்றாகத் துளைகளில் நிறுத்துங்கள். துணியின் நடுக்கோடும் கூரையின் நடுவும் பொருந்த வேண்டும். பசையைத் தொடாமல் முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் கிளிப் போட்டு இழுத்து, தையல் கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று வெளியே நின்று பாருங்கள். இந்த ஒத்திகையில் சரிவராதது பசை போட்ட பிறகு சரிவராது.

பசை, ரெக்சினுக்கு ஏற்ற செயற்கை ரப்பர் வகையாக இருக்க வேண்டும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம். டப்பாவில் எவ்வளவு சூடு தாங்கும் என்று போட்டிருந்தால் பார்த்து வாங்குங்கள். சட்டத்திலும் துணியிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் வரை, சுமார் 10 முதல் 15 நிமிடம், விட்ட பிறகு ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கி, வெயிலில் கொப்பளிக்கும். கதவுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. அந்த ஆவி தீப்பற்றும், தலையும் சுற்றும்.

முதலில் முன், பின் ஓரங்கள், ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து மூலைக்கு. பிறகு பக்கங்கள், நடுக் கம்பியில் தொடங்கி இடம் வலமென்று மாற்றி மாற்றி. இழுக்கும்போது தையல் கோட்டில் பிடித்து இழுங்கள். இரண்டு தையலுக்கு நடுவே இழுத்தால் அங்கே பள்ளம் விழும். கம்பி முனைகளுக்குப் பக்கத்தில் விசிறிபோல் விரியும் சுருக்கம்தான் எல்லோரையும் படுத்துவது. எவ்வளவு இழுத்தாலும் போகாது, ஏனென்றால் அங்கே துணியைத் தடுத்து நிற்பது நாடாக் குழாய். குழாயின் முனையை மட்டும் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டி விட்டு மறுபடி இழுங்கள். ஒரே வெட்டில் மூன்று அங்குலம் எடுத்தவர்கள், அந்த இடத்தில் துணி கம்பியை விட்டுத் தொங்குவதைப் பார்த்து வருந்துவார்கள். மூலை வளைவுகளில் சட்ட விளிம்புக்குள் அடங்குமாறு சிறு வெட்டுகள் போடலாம். வெட்டு விளிம்பைத் தாண்டினால் ரப்பர் அதை மறைக்காது. தூண்கள் கடைசியில்.

மிச்சமிருக்கும் சிறு சுருக்கங்களுக்கு இரண்டு நாள் வெயிலே நல்ல மருந்து. பிறகும் நின்றால் ஹேர் டிரையர் போதும். ஹீட் கன் பிடித்தால் ரெக்சினின் மேல்முகம் பளபளத்துப் போகும், அது திரும்பாது. அதற்குப் பின்புதான் ஓரத்தை வெட்ட வேண்டும். கண்ணாடிச் சட்டத்தின் விளிம்பைச் சுற்றி அரை அங்குலம் மடிந்தால் போதும், ரப்பருக்கு வெளியே ஒரு நூல்கூட நீட்டக் கூடாது. நீட்டினால் மழைநீர் அதன் வழியாகவே உள்ளே ஊறி வரும். பழைய, விறைத்த ரப்பரை மறுபடி போடாதீர்கள். புதுத் துணி ஒரே மழையில் கறைபடிவது பெரும்பாலும் இதனால்தான்.

அச்சில் வார்த்த பலகையில் ஃபோம் துணி ஒட்டி வரும் வண்டிகளின் கதை வேறு, அங்கே ஒட்டுவதுதான் முறை. ஆனால் பலகையை வெளியே எடுத்து, பொடிந்த பழைய ஃபோமைப் பிரஷ்ஷால் முழுதும் தேய்த்து எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். பொடியின் மேல் போட்ட பசை பொடியைத்தான் பிடிக்கும், பலகையைப் பிடிக்காது.

கடைசியாக, சன் வைசர், உள் கண்ணாடி ஆகியவற்றின் ஸ்குரூத் துளைகள். துணி மூடிய பிறகு அவற்றைத் தேடி மனம்போனபடி குத்தக் கூடாது. பொருத்துமுன் ஒவ்வொரு துளைக்கும் சட்ட ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதி வைத்து, பிறகு மெல்லிய ஊசியால் தேடி, பொட்டளவு மட்டும் வெட்டுங்கள். பழைய ஸ்குரூவையே போடுங்கள். நீளமான ஸ்குரூ மேல்தகட்டை உள்ளிருந்து குத்தி, புதுப் பெயின்டில் பருவாகத் தெரியும். மீந்த துணியில் ஒரு முழத்தைச் சுருட்டி டிக்கியில் வையுங்கள், மடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கார் சீட், டாப் தையல் தொழிலாளர்கள்,
கோயம்புத்தூர்.