கயெலிட்ஷாவின் கார்மென்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓபராக்கள், அதாவது முழுக்கப் பாட்டாலான மேலை இசை நாடகங்கள், திரைப்படமாவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை ஐரோப்பாவோடு நின்றுவிட்டது பெரிய குறை. 2005இல் பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடியை வென்ற தென்னாப்பிரிக்கப் படமான 'உ-கார்மென் ஏகயெலிட்ஷா'வை எப்படி விட முடிந்தது?

1875இல் பாரிஸில் அரங்கேறிய, பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசேயின் 'கார்மென்' ஓபராதான் கதை. ஆனால் மூலக்கதை நடக்கும் ஸ்பெயினின் செவில் நகரம் இல்லை. கேப்டவுனை ஒட்டிய கயெலிட்ஷா. தகரக் குடிசைகள், புழுதித் தெருக்கள். மூலத்தின் சிகரெட் ஆலை அப்படியே இருக்கிறது, கார்மெனைக் காதலிக்கும் படைவீரன் போலீஸ்காரன் ஆகிவிட்டான். காளையை அடக்கும் வீரனுக்குப் பதிலாக, ஊர் திரும்பும் ஒரு பாடகன். பாட்டு முழுக்க தென்னாப்பிரிக்க மொழியான கோசாவில். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் அந்த மெய்யொலிகள் பிசேயின் மெட்டில் எவ்வளவு இயல்பாக உட்காருகின்றன தெரியுமா! கார்மெனாக நடித்த பாலின் மாலெஃபானே கோசா மொழிபெயர்ப்பிலும் பங்கெடுத்தவர். வழக்கமான மெல்லிடை அழகியாக அவரைக் காட்டாததே எனக்கு மிகவும் பிடித்தது. ஆலை வாசலில் இடுப்பில் கைவைத்து நிற்கும் உழைப்பாளிப் பெண் அவர்.

இயக்குநர் மார்க் டோர்ன்ஃபோர்ட்-மே இங்கிலாந்துக்காரர். அப்புறம், செனகலிலும் 2001இல் ஒரு கார்மென் வந்தது. அங்கே பிசேயின் இசையையே விட்டுவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

வாசகர், திருச்சி