பன்னிரண்டு பேரையும் எழுப்பி அனுப்பக் காரணம் வேண்டாமா?

அயர்லாந்து நீதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். சாதாரணக் குடிமக்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் ஜூரி முறையை எப்போதோ கைகழுவிவிட்ட இந்தியாவில் பிறந்து, இங்கே குடியுரிமை பெற்று, வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியவள் நான். அந்தப் பட்டியலிலிருந்துதான் ஜூரிக்கு ஆள் எடுக்கிறீர்கள் என்பது அழைப்பாணை வீட்டு வாசலில் வந்து விழுந்த பிறகே எனக்கு உறைத்தது. நாளை அதே கடிதம் இங்குள்ள இன்னும் பல தமிழ் வீடுகளுக்கும் வரும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்க உங்கள் துறையில் ஆள் இல்லாமலா போய்விடும்?

கூடத்தில் காத்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன். ஒரு தரப்பு வழக்கறிஞர் என்னை வேண்டாம் என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. 1976ஆம் ஆண்டு ஜூரிச் சட்டப்படி இரு தரப்பும் தலா ஏழு பேரைக் காரணம் காட்டாமலே விலக்கலாம். எனக்கு அதில் மனத்தாங்கல் கிடையாது. சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

ஆனால் அடுப்படியில் நிற்கும்போது ஒன்று உறுத்தியது. என் ஒருத்தியை விலக்கக் காரணம் தேவையில்லை, சரி. பன்னிரண்டு பேரையும் மொத்தமாக விலக்கவும் இந்த நாட்டில் காரணம் சொல்ல வேண்டியதில்லையே!

சிறப்புக் குற்றவியல் நீதிமன்றத்தைத்தான் சொல்கிறேன். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து 1972இல் அமைத்தது. வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்க ஐஆர்ஏ ஆயுதத்தோடு திரிந்த காலம். சாட்சியையும் ஜூரியையும் மிரட்டுவார்கள் என்ற பயம். மூன்று நீதிபதிகள், ஜூரி இல்லை. மூவரில் இருவர் ஒத்துப்போனால் போதும்; மூன்றாமவர் மறுத்தாரா என்பதை வெளியே சொல்லவே கூடாது. 1998இல் பெருவெள்ளி சமாதான உடன்படிக்கை வந்து போர் ஓய்ந்தது, நீதிமன்றம் ஓயவில்லை. ஆயுதக் குழுக்கள் எழுந்துபோன நாற்காலியில் போதைப்பொருள் கும்பல்கள் வந்து உட்கார்ந்தன. 2009இல் கும்பல் குற்றங்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தீர்கள். 2016இல் ஒன்று போதாதென்று இரண்டாவது அமர்வும் தொடங்கியது. அந்த 2009 விதியை நாடாளுமன்றம் ஒவ்வொரு ஜூன் மாதமும் வாக்களித்துப் புதுப்பிக்கிறது. எங்கள் ஊரில் ஆண்டுக்கொருமுறை திதி கொடுப்பார்கள், அதுவாவது இறந்தவருக்கு.

பயம் பொய் என்று சொல்ல வரவில்லை. லிமரிக்கில் ஒரு குடும்பம் கும்பலுக்கு எதிராகச் சாட்சி சொன்னதற்குப் பழியாக, 2009 ஏப்ரலில் அந்தக் குடும்பத்து ஆள் பட்டப்பகலில் சுடப்பட்டார். 1996 ஜூனில் நாஸ் சாலை சிக்னலில் காரை நிறுத்தியிருந்த பத்திரிகையாளர் வெரோனிகா கெரினைச் சுட்டுக் கொன்றார்கள். இப்படிப்பட்டவர்களின் முகத்துக்கு நேரே உட்கார என்னைக் கூப்பிட்டிருந்தால் தூக்கம் வந்திருக்குமா? வந்திருக்காது.

அந்த மூன்று நீதிபதிகள் கண்ணை மூடிக்கொண்டு தண்டிக்கிறவர்களும் அல்ல. 2016 பிப்ரவரி 5 அன்று ரீஜன்சி ஓட்டலில் குத்துச்சண்டை வீரர்களின் எடை பார்க்கும் நிகழ்ச்சிக்குள், கார்டா (இந்நாட்டுப் போலீஸ்) அதிரடிப் படையின் வேடத்தில் ஏகே ரகத் துப்பாக்கிகளோடு புகுந்தார்கள். ஒருவர் செத்தார். கினஹன், ஹட்ச் என்ற இரு கும்பல்களின் பகை அதன் பிறகு கொழுந்துவிட்டு எரிந்தது. அந்தக் கொலை வழக்கில் ஜெர்ரி ஹட்ச்சை 2023 ஏப்ரலில் விடுவித்தது இதே நீதிமன்றம்தான். அப்ரூவராக மாறிய முன்னாள் ஷின் ஃபெயின் கட்சிக் கவுன்சிலர் ஜோனதன் டவுடாலின் பேச்சை, வேறு ஆதாரம் தாங்கிப் பிடிக்காமல் நம்ப முடியாது என்று நீதிபதி டாரா பர்ன்ஸ் விளக்கமாக வாசித்தார். ஜூரியிடமிருந்து அப்படி ஒரு விளக்கம் கிடைத்திருக்காது. (விடுதலையானவர் அடுத்த ஆண்டே பொதுத்தேர்தலில் நின்று கொஞ்சத்தில் தோற்றது தனிக்கதை.)

அதே நீதிமன்றம் தவறியதும் உண்டு. கெரின் கொலையில் பால் வார்டை 1998இல் குற்றவாளி என்றது, அதுவும் ஓர் அப்ரூவரின் வார்த்தையை நம்பி. 2002இல் மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. வட அயர்லாந்தின் ஓமாவில் 29 பேர் இறந்த குண்டுவெடிப்பில் கோம் மர்ஃபிக்கு அது கொடுத்த தண்டனையும் 2005இல் ரத்தானது, விசாரணைக் குறிப்புகளைக் கார்டாக்கள் திருத்தியிருந்ததால். பன்னிரண்டு பேரோ மூன்று பேரோ, ஏமாறுகிறவர்கள் ஏமாறத்தான் செய்வார்கள். என் கேள்வி அதுவல்ல.

லவுத் மாவட்டம் லார்ட்ஷிப் கடன் சங்கக் கொள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஜனவரி 25, வட அயர்லாந்து எல்லையோரம். பணத்துக்குக் காவலாகப் போன கார்டா ஏட்ரியன் டோனஹோவைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலை வழக்கு 2020இல் ஜூரி முன்னால்தான் நடந்தது. சாட்சிகளுக்கு மிரட்டல் வந்தது, நடுவில் கொரோனாவும் வந்தது. அப்போது இந்த நாட்டின் மிக நீண்ட கொலை விசாரணை அது என்றார்கள். அத்தனையையும் தாங்கி உட்கார்ந்திருந்து, ஆகஸ்டில் ஏரன் பிரேடி குற்றவாளி என்று சொன்னவர்கள் என்னைப் போல அழைப்பாணை வாங்கிய சாதாரண ஆட்கள். பிறகு அதே கொள்ளையில் வேறு இருவர் மீது வழக்கு. இது மட்டும் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போயிற்று; கொள்ளைக் குற்றச்சாட்டிலிருந்து இருவரையும் 2023இல் நீதிபதிகள் விடுவித்தார்கள். ஒரே இரவு, ஒரே வாசல், ஒரே கொள்ளை. கார்டாவைக் கொன்ற வழக்குக்கு ஜூரி போதும், பணத்தை எடுத்த வழக்குக்கு மட்டும் போதாதா?

பதில் இருக்கலாம், நல்ல பதிலாகவும் இருக்கலாம். ஆனால் அரசு வழக்குத் தொடர்வு இயக்குநர் அதைச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் பட்டியலிட்ட குற்றமென்றால் வழக்கு தானாகவே அங்கே போகும். கொலை அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குச் சாதாரண நீதிமன்றம் போதாது என்று அவர் ஒரு சான்று கொடுத்தால் முடிந்தது. வங்கி அதிகாரி கடத்தல் வழக்கில் சிக்கிய ஜோசப் கவனா இதைத்தான் ஐநா மனித உரிமைக் குழுவிடம் கேட்டார். காரணம் சொல்லாமல் அவரை ஜூரியிடமிருந்து பிரித்தது சட்டத்தின் முன் சமத்துவத்துக்கு எதிரானது என்று குழு 2001இலேயே சொல்லிவிட்டது.

நீதிபதி மைக்கேல் பியர்ட் தலைமையில் உங்கள் துறையே அமைத்த மறுஆய்வுக் குழுவின் அறிக்கை 2023இல் வந்தது. பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, பாதுகாப்புகளோடு ஜூரியில்லாத புதிய நீதிமன்றம் ஒன்று நிரந்தரமாக வேண்டும் என்றது பெரும்பான்மை. அப்படி ஒன்றே வேண்டாம் என்றது சிறுபான்மை. எது சரி என்று தீர்ப்பளிக்க எனக்குத் தகுதி போதாது. என் கோரிக்கை சின்னது. இங்கிலாந்தில் 2003 சட்டப்படி, ஜூரியை மிரட்டியோ விலைக்கு வாங்கியோ வளைக்கப் பார்க்கும் ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது, காவல் போட்டும் தடுக்க முடியாது என்று அரசுத் தரப்பு ஒரு நீதிபதியிடம் நிரூபித்தாக வேண்டும். அதையே இங்கும் வையுங்கள். இரு தரப்பையும் கேட்டு, காரணத்தை எழுதிவைத்து, பிறகு நீதிபதி ஜூரியை அனுப்பட்டும். சாட்சியின் பெயரை மறைக்க வேண்டுமா, மறையுங்கள். காரணத்தை மறைக்காதீர்கள்.

அடுத்த ஜூனில் அவையில் எழுந்து அந்தத் தீர்மானத்தை முன்மொழியப் போகிறவர் நீங்கள்தான். அப்போது இந்த ஒரு திருத்தம் கையில் இருக்குமா என்று மட்டும் தெரிவியுங்கள்.

எனக்கு இன்னொரு அழைப்பாணை வந்தால் லீவு சொல்லிவிட்டு வந்து உட்காருவேன்.

இப்படிக்கு,
ஜூரிப் பட்டியலில் பெயருள்ள டப்ளின்வாசி ஒருத்தி