புல்லியைக் கழற்றிவிடு

அன்புள்ள நண்பனுக்கு,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதாத எனக்கு நீ என்ன பட்டம் கொடுத்திருப்பாய் என்று தெரியும், கொடுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் பழைய கதைதான். என் ஹோண்டா சிட்டி விடெக் காரின் இன்ஜினை இறக்கிப் பிரித்துவிட்டோம். இன்ஜினின் முன்முனையில் பெல்ட்டை ஓட்டும் சக்கரமாக நாம் இருவரும் மாட்டிய அலுமினியப் புல்லிதான் அதற்குக் காரணமோ என்ற சந்தேகத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சென்ற மாதம் செட்டிபாளையம் கார் பந்தயத் தளத்திலிருந்து திரும்பும் வழியில், சிக்னலில் நின்றபோது ஆயில் விளக்கு மினுக்கத் தொடங்கியது. பிரித்த அன்று மெக்கானிக் அண்ணன், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளில் முன்முனையில் உள்ள முதலாவதின் கீழ்ப்பாதியை என் உள்ளங்கையில் வைத்து, "நகத்தால் தடவிப் பாருங்கள்" என்றார். மழமழவென்று இருக்க வேண்டிய பரப்பில் நகம் இடறியது. பின்முனையில், ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தின் பக்கத்து ஐந்தாவது பேரிங்கிலோ ஒரு கீறல்கூட இல்லை.

அந்த அலுமினியப் புல்லியை வாங்கியபோது, பழையதன் கனத்தை வெறும் சுமை என்றே எண்ணினேன். உண்மையில் அந்தக் கனம்தான் அதன் வேலை. நான்கு சிலிண்டர் இன்ஜின் 6,000 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 200 முறை வெடிப்பு நிகழ்கிறது; ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் இம்மியளவு முறுக்கிக்கொண்டு மீள்கிறது. ஃப்ளைவீல் பின்முனையைப் பிடித்துக்கொள்வதால் ஆட்டம் முன்முனையில்தான் மிகுதி. பழைய புல்லியின் வெளிவளையத்துக்கும் நடுக்கட்டைக்கும் இடையே உள்ள ரப்பர் அந்த ஆட்டத்தை வாங்கி வெப்பமாக மாற்றித் தணிக்கிறது. ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர் 1910-இலேயே கிராங்க்கின் முறுக்காட்டத்தைத் தணிக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார் என்றால், நாம் எத்தனை காலம் பின்தங்கியிருக்கிறோம், பார்!

முறுக்கல் மட்டும் பேரிங்கை அழுத்தாது அல்லவா என்று நீ வாதாடுவாய். நேர்த்தண்டாக இருந்தால் அது சரி. கிராங்க்கோ வளைந்து வளைந்து போகும் தண்டு, முறுக்கும்போது கூடவே வளையவும் செய்யும், அந்த வளைவுதான் பேரிங்கில் உள்ள ஆயில் படலத்தை ஓரத்தில் நசுக்குகிறது. ஆயில் பம்பும் அதே முன்முனையில் ஏறி உட்கார்ந்திருப்பதால், அந்த ஆட்டம் அதையும் விடுவதில்லை. 1,60,000 கிலோமீட்டர் ஓடிய இன்ஜினின் பழுது முழுவதையும் புல்லியின் தலையில் கட்டுவது நியாயமில்லை, பெல்ட்டின் இழுப்பும் அந்த முன் பேரிங்கில்தான் விழுகிறது. ஆனாலும் என் சந்தேகம் அகலவில்லை. தொழிற்சாலையிலேயே ரப்பர் இல்லாத வெறும் புல்லியோடு வரும் இன்ஜின்களும் உண்டு; நம் இருவருடையதும் அந்த வகையில்லை.

என்னை உறங்கவிடாதது இதுதான்: உனக்கும் ஒன்று வாங்கி அனுப்பியவன் நான். அந்தப் புல்லியின் சின்ன விட்டத்தால், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மந்தமாகச் சுழன்று ஹெட்லைட் மங்கியபோது, "கார்த்திகை தீபம் மாதிரி இருக்கிறதடா" என்று நீ சிரித்தாயே, அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

நாளையே அதைக் கழற்று. உன் பழைய புல்லியைக் காயலான் கடைக்குப் போட்டிருப்பாய் என்பதால், என்னிடம் உபரியாக இருப்பதை அனுப்புகிறேன். இதுவரை அம்மா அதைப் பின்கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தாள். ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நடுக்கட்டையிலிருந்து வெளிவளையம் வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரே கோடு இழு. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் கோடு விலகியிருந்தால் ரப்பர் நழுவுகிறது என்று பொருள், அப்போது அதையும் போடாதே. போல்ட் இலகுவில் அசையாது. புல்லியைப் பிடிக்கும் கருவி இல்லாமல் சுத்தியலைத் தூக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி